அப்பாவின் கண்ணுக்கு ஒரு பதினொரு மாத மருந்து

எங்கள் அப்பா மங்காஃபில் ஒரு உதிரி பாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. ஃபில்டர், பேரிங், பெல்ட் என்று ஆயிரக்கணக்கான பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு பார்ட் நம்பர். அதில் பாதி நம்பர் அவருக்கு மனப்பாடம்.

நான் பள்ளிக்கூடம் வரை இங்கேதான் படித்தேன். பிறகு நம்மில் பலரைப் போல காலேஜுக்கு ஊருக்கு அனுப்பினார்கள். பி.ஃபார்ம் மூன்றாம் வருஷம் படித்தபோது ஒரு வியாழக்கிழமை ராத்திரி அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. ஒரு அட்டைப் பெட்டி. கீழே ஒரு கேள்வி: "பாப்பா, இதுல கடைசி நம்பர் 3-ஆ, 8-ஆ?"

8 என்று பதில் போட்டேன். அடுத்த வாரம் இன்னொரு போட்டோ. அதற்கடுத்த வாரம் ரெண்டு. போன் கேமராவை அப்பா புதிதாகப் பழகுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். நான் சிரித்ததை இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அந்த ஜூலையில் லீவுக்கு ஊருக்கு வந்தபோது மதுரையில் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறது, நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட வேண்டும், கண்ணுக்குள்ளே, மாதம் ஒன்று என்றார்.

அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "டாக்டர், எனக்கு வர்ற பதினெட்டாம் தேதி ஃபிளைட். மறுபடி வர அடுத்த ஜூலை ஆகும். அதுக்குள்ள எல்லா ஊசியும் போட்டுற முடியுமா?"

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது. டாக்டர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவரிடம் பதில் இல்லை. அப்போது படிப்பில் மருந்தியல் பாடம் ஓடிக்கொண்டிருந்த என்னிடமும் இல்லை.

நம்ம ஊர், நம்ம சர்க்கரை

மங்காஃப் என்றால் வெளியில் பலருக்கு 2024 ஜூன் 12 தீ விபத்துதான் ஞாபகம் வரும். தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு கட்டடம். ஐம்பது பேர் அளவில் இறந்துபோனார்கள், பெரும்பாலும் இந்தியர்கள், அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. அன்றைக்கு ஒரு நாள் உலகமே இந்தப் பெயரைச் சொன்னது. மற்ற நாளில் இது ஃபஹாஹீலுக்குப் பக்கத்தில், கடலுக்கும் எக்ஸ்பிரஸ்வேக்கும் நடுவில், பக்காலாவும் சலூனும் உடுப்பி ஹோட்டலும் உள்ள ஒரு சாதாரண இடம். இங்கே ஆட்கள் தீயில் மட்டும் போவதில்லை. மெதுவாகவும் போகிறார்கள். இங்கே முதல் தலைமுறையை மெதுவாகத் தின்பது சர்க்கரை.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021-ஆம் வருஷக் கணக்குப்படி குவைத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். உலகத்திலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்று. அந்தப் பக்கம் நம் நாட்டைப் பார்த்தால், 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு இருப்பதாகச் சொல்கிறது. நம்ம அப்பா அம்மா இந்த ரெண்டு கணக்குக்கும் நடுவில் வாழ்கிறவர்கள். ராத்திரி டியூட்டி, ஏசி ரூம், பரோட்டா, குபூஸ், கோடையில் நடக்க வழியில்லாத வெயில். யாரையும் குறை சொல்லவில்லை. வாழ்க்கை அப்படி.

சர்க்கரை கண்ணை எப்படிக் கெடுக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விழித்திரையில் மயிரிழையை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடுதலாக ஓடினால் அவற்றின் சுவர் பலவீனமாகி ஒழுக ஆரம்பிக்கும். ரத்தம் சரியாகக் கிடைக்காத விழித்திரை, வி.இ.ஜி.எஃப் என்ற ஒரு புரதத்தைச் சுரந்து 'எனக்குப் புதுக் குழாய் வேண்டும்' என்று கூப்பிடும். அந்தக் கூப்பாட்டால் ஒழுக்கு இன்னும் கூடும். நாம் எழுத்துப் படிக்கவும் முகம் பார்க்கவும் பயன்படுத்தும் நடுப்புள்ளியின் பெயர் மாகுலா. அங்கே நீர் கோத்தால் 3-உம் 8-உம் ஒன்றாகிவிடும். வலிக்காது. அதுதான் மோசம். பல் வலித்தால் அன்றைக்கே லீவு போடும் ஆட்கள், கண் வலிக்காததால் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

கண் ஒரு பூட்டிய வீடு

கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டால் போதாதா என்று என் சித்தி கேட்டார். நியாயமான கேள்வி. அம்மாச்சி காலத்தில் கண் எரிந்தால் நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டுவார்களாம். அது மேல்பரப்பைக் குளிர வைத்திருக்கலாம். ஆனால் விழித்திரை இருப்பது பின் சுவரில். நாம் விடும் ஒரு சொட்டில் பெரும்பகுதி கன்னத்தில் வழிந்தும், கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குப் போயும் வீணாகிறது. ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கண்ணுக்குள்ளே நுழைகிறது. அதிலும் பின்சுவர் வரை போய்ச் சேர்வது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

மாத்திரை போட்டால்? மூளைக்கு இருப்பது போலவே விழித்திரைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு காவல் சுவர் உண்டு. அது பெரும்பாலான மருந்தை உள்ளே விடாது. விடுகிற அளவுக்கு மருந்தைக் கூட்டினால் உடம்பின் மற்ற பாகம் தாங்காது. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சர்க்கரை எகிறும் என்பது உங்கள் வீட்டிலும் பட்டறிந்ததாக இருக்கலாம்.

அதனால்தான் ஊசி நேராகக் கண்ணுக்குள்ளே போகிறது. உள்ளே சுமார் நாலு மில்லி அளவுக்குக் கூழ் மாதிரி ஒரு திரவம் இருக்கிறது. அதில் மருந்தை விடுகிறார்கள். கண்ணை மரத்துப்போக வைத்துத்தான் போடுவார்கள், கேட்பதற்குத்தான் பயம். பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. உள்ளே போன மருந்தைக் கண் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கரைசலாக விட்டால் சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். வி.இ.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் புரத மருந்துகள் பெரியவை, அதனால் சில வாரம் நிற்கும். அதனால்தான் மாதம் ஒன்று.

கற்கண்டு வழி

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். மருந்தைக் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும் ஒரு பொருளோடு சேர்த்துக் கண்ணுக்குள் வைத்துவிட்டால்?

யோசனை பழசு. 1974-இலேயே அமெரிக்காவில் ஆக்குசெர்ட் என்று ஒன்று வந்தது. கண் அழுத்த நோய்க்கு. கீழ் இமைக்குள் செருகி வைத்தால் ஒரு வாரம் மருந்து கசியும். ஆனால் அது கரையாது. வாரம் ஒருமுறை எடுத்துவிட்டு மாற்ற வேண்டும், சிலருக்குத் தூக்கத்தில் கீழே விழுந்துவிடும். ஓடவில்லை. 1976-இல் ராபர்ட் லாங்கரும் ஜூடா ஃபோக்மனும் பெரிய புரத மூலக்கூறுகளைக்கூட பாலிமரிலிருந்து மெதுவாகக் கசிய விட முடியும் என்று காட்டினார்கள். அதற்கு முன்னால் முடியாது என்றுதான் பலர் நம்பியிருந்தார்கள். 1996-இல் எய்ட்ஸ் நோயாளிகளின் கண் தொற்றுக்கு விட்ராசெர்ட் வந்தது. பல மாதம் வேலை செய்யும், ஆனால் அதுவும் கரையாது. அறுவை சிகிச்சை செய்து வைக்க வேண்டும், தீர்ந்தால் திரும்பவும் அறுவை சிகிச்சை.

கரையும் பொருள் எங்கிருந்து வந்தது என்றால், தையல் நூலிலிருந்து. உங்கள் அம்மாவுக்குச் சிசேரியன் ஆகியிருந்தால், உள்தையலை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். தானே கரைந்திருக்கும். 1970-களிலிருந்து அறுவை சிகிச்சையில் இருக்கும் அந்த நூல் வகையைச் சேர்ந்ததுதான் பி.எல்.ஜி.ஏ. ரெண்டு அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்துச் செய்தது. ஒன்று லாக்டிக் அமிலம், தயிரில் இருப்பது. இன்னொன்று கிளைகாலிக் அமிலம், கரும்பில் இருப்பது. உடம்புக்குள் தண்ணீர் பட்டால் சங்கிலி அறுந்து அறுந்து கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாகப் போய்விடும். எடுக்க வேண்டியதில்லை.

வீட்டில் சொல்லும்போது நான் கற்கண்டை உதாரணம் சொன்னேன். சர்க்கரையை வாயில் போட்டால் உடனே கரையும், கற்கண்டு நிதானமாகக் கரையும். அப்பா, "எனக்குப் போய் கற்கண்டு உதாரணம் சொல்ற" என்றார். உண்மையில் அந்த உதாரணம் பாதிதான் சரி. கற்கண்டு மேலிருந்து தேயும். பி.எல்.ஜி.ஏ-வில் தண்ணீர் முழுவதும் ஊறி உள்ளும் புறமும் சங்கிலி அறும். லாக்டிக் பங்கைக் கூட்டினால் மெதுவாகக் கரையும். ரெண்டும் சம பங்கு என்றால் வேகம். அதாவது எத்தனை மாதம் என்பதை ஓரளவு கலவையிலேயே தீர்மானிக்கலாம். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வழியில் வந்ததுதான் ஓசுர்டெக்ஸ். 2009-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, முதலில் விழித்திரை ரத்தக் குழாய் அடைப்பால் வரும் வீக்கத்துக்கு. சர்க்கரையால் வரும் மாகுலா வீக்கத்துக்கு 2014-இல். ஆறு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். ஒரு அரிசி மணியின் நீளம்தான், அதைவிட ஒல்லி. உள்ளே 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன். ஊசி வழியாகவே உள்ளே செலுத்துகிறார்கள். சில மணி நேரத்தில் போய்விடும் அதே மருந்து, இப்படி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கிறது. மருந்து புதிதல்ல. அதை வைத்திருக்கும் பாத்திரம் புதிது.

யாருடைய காலண்டர்?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

மருந்து ஆராய்ச்சியில் ஒரு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றால், ஒவ்வொரு மாதமும் சொன்ன தேதியில் வந்து உட்காரும் நோயாளிக்கு வேலை செய்கிறது என்று பொருள். அந்த நோயாளிக்குக் கார் இருக்கிறது, கூட வர ஆள் இருக்கிறது, லீவு கேட்டால் முகம் சுளிக்காத முதலாளி இருக்கிறார். எங்கள் அப்பாவின் காலண்டர் வேறு. பதினொரு மாதம் வேலை, ஒரு மாதம் லீவு. குவைத் சட்டத்தில் வருஷத்துக்கு முப்பது நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பல பேர் டிக்கெட் காசுக்காக ரெண்டு வருஷத்தைச் சேர்த்து எடுக்கிறார்கள். அந்த முப்பது நாளில்தான் கல்யாணம், காதுகுத்து, வீட்டுக் கடன், பல், முழங்கால், கண் எல்லாம்.

இங்கேயே சிகிச்சை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தோம். முதல் வருஷம் அப்பா திரும்பி வந்து இங்கே ஒரு தனியார் கிளினிக்கில் ரெண்டு ஊசி போட்டுக்கொண்டார். மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டார். எங்களிடம் "நல்லா தெரியுது" என்றார். பொய். ஊசிக்கான காசு தம்பியின் ஸ்கூல் ஃபீஸில் இடித்தது, அரை நாள் டியூட்டி போனால் சம்பளத்தில் இடித்தது. அரசு மருத்துவமனைகளிலும் 2022 டிசம்பரிலிருந்து வெளிநாட்டவர் மருந்துக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். யாரையும் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை என்ற சிகிச்சை, மாதச் சம்பளக்காரனுக்கு மாதம் ஒருமுறை ஒரு முடிவு எடுக்க வைக்கிறது. பன்னிரண்டு முறை 'போகலாம்' என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறை 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்றால் சங்கிலி அறுந்துவிடும்.

ஆகவே நீண்ட நாள் கசியும் மருந்தை 'சொகுசு' என்றும் 'பணக்காரர் வசதி' என்றும் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. வசதியுள்ளவருக்கு அது ஊசியின் எண்ணிக்கையைக் குறைக்கும் வசதி. எங்கள் அப்பா மாதிரி ஆளுக்கு அதுதான் சிகிச்சை தொடர்வதற்கும் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். கப்பலில் வேலை செய்பவர், பாலைவன ரிக்கில் இருப்பவர், வீட்டு வேலை செய்யும் அக்காமார், ஊரில் தினக்கூலிக்குப் போகும் சித்தப்பா எல்லோருக்கும் இது பொருந்தும். மாதாமாதம் வர முடியாதவருக்குத்தான் இந்த மருந்து முதலில் போக வேண்டும். நடப்பது தலைகீழ்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்

நான் பார்மசி படித்தவள் என்பதால் ஆசையில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது.

ஒன்று, இது ஆறு மாதம் வரை என்று சொல்லப்பட்டாலும் பலருக்கு மூணு நாலு மாதத்திலேயே வீக்கம் திரும்பத் தொடங்குகிறது. ரெண்டு, ஸ்டீராய்டுக்குக் கண்ணில் ரெண்டு பழைய கெட்ட பழக்கம் உண்டு. கண்புரையை வரவைக்கும், கண் அழுத்தத்தை ஏற்றும். சர்க்கரை நோயாளிகளிடம் மூன்று வருஷம் நடந்த மீட் என்ற சோதனையில், இந்த மருந்து வைத்தவர்களில் 22 சதவீதம் பேருக்குப் பார்வை அட்டையில் பதினைந்து எழுத்தோ அதற்கு மேலோ முன்னேற்றம். மருந்தில்லாமல் ஊசி போட்டதுபோல் மட்டும் செய்தவர்களில் 12 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் சொந்த லென்ஸ் இருந்த கண்களில் மூன்றில் ரெண்டு பங்குக்குக் கண்புரை வந்தது அல்லது கூடியது. அதனால்தான் பல டாக்டர்கள் வி.இ.ஜி.எஃப் தடுப்பு ஊசியை முதலிலும் இதை ரெண்டாவதாகவும் வைக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் வி.இ.ஜி.எஃப் தடுப்பு மருந்தையே கரையும் குச்சிக்குள் வைக்கலாமே? அங்கேதான் வேதியியல் இடிக்கிறது. டெக்ஸாமெதசோன் சின்ன மூலக்கூறு, முரட்டுத்தனமானது. சூடு, அமிலம் எதையும் தாங்கும். தடுப்பு மருந்துகள் பெரிய புரதங்கள். முட்டையை வேகவைத்தால் மறுபடி பச்சை முட்டையாகாது இல்லையா, அந்த மாதிரி அவற்றின் மடிப்பு கலைந்தால் வேலைக்காகாது. பி.எல்.ஜி.ஏ கரையும்போது உள்ளே அமிலம் சேரும். அந்த அமிலத்தில் புரதம் கெட்டுவிடும். அதனால் இப்போது ஆராய்ச்சி வேறு வழியில் போகிறது. அதே வி.இ.ஜி.எஃப் கூப்பாட்டை உள்பக்கத்திலிருந்து அடைக்கும் சின்ன மூலக்கூறுகளைக் கரையும் ஜெல்லில் வைத்துச் செலுத்தும் மருந்துகள் மூன்றாம் கட்டச் சோதனை வரை வந்துவிட்டன. இன்னொரு பக்கம் 2022-இல் வந்த ஃபாரிசிமாப், 2023-இல் வந்த அதிக அளவு அஃப்ளிபெர்செப்ட் மாதிரி புரத மருந்துகளே சிலருக்கு நாலு மாத இடைவெளி வரை நீள்கின்றன.

கண் அழுத்த நோய்க்கும் இதே கதை. தினமும் சொட்டு விட மறப்பவர்களுக்காக 2020-இல் டியூரிஸ்டா என்ற கரையும் குச்சிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் கருவிழியின் உள்படலத்துக்குப் பாதிப்பு வரலாம் என்பதால் ஒரு கண்ணுக்கு ஒரே முறைதான் என்று கட்டுப்பாட்டோடு கொடுத்தது. கரையும் பொருள் என்பதால் மட்டும் எல்லாம் பத்திரம் என்று ஆகிவிடாது. உள்ளே வைத்துவிட்ட மருந்தைச் சொட்டு மருந்து மாதிரி நாளைக்கு நிறுத்தவும் முடியாது.

வைத்த பிறகும் வேலை இருக்கிறது

போன வருஷ லீவில் அப்பாவின் வலது கண்ணில் அந்தக் குச்சியை வைத்தார்கள். அந்தக் கண்ணில் ஏற்கெனவே கண்புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்ததால் புரை வரும் என்ற பயம் இல்லை. டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்தார். உங்கள் வீட்டில் நிலைமை வேறாக இருக்கலாம், உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி.

வைத்துவிட்டு அவர் ஒன்று சொன்னார்: "மருந்து உங்க கூடவே குவைத் வருது. ஆனா நான் வரலை. ஆறு எட்டு வாரத்துல கண் அழுத்தம் பாத்தே ஆகணும்." ஸ்டீராய்டால் ஏறும் அழுத்தம் சுமார் ரெண்டு மாதத்தில்தான் உச்சத்துக்குப் போகும். அழுத்தம் ஏறுவதும் வலிக்காது, பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் தின்னும். நான் ஊரில் இருந்துகொண்டு தினமும் போனில் நச்சரித்தேன். ஏழாவது வாரம் அப்பா போனார். அழுத்தம் ஏறியிருந்தது. சொட்டு மருந்து கொடுத்தார்கள், இறங்கியது. போகாமலிருந்தால் வீக்கத்தைக் காப்பாற்றி நரம்பைத் தொலைத்திருப்போம்.

இதில் நான் கற்றுக்கொண்டது, நீண்ட நாள் மருந்து நம்மை ஊசியிலிருந்து விடுவிக்கும், பரிசோதனையிலிருந்து விடுவிக்காது. ஆனால் அழுத்தப் பரிசோதனை அஞ்சு நிமிஷ வேலை, எந்தக் கண் கிளினிக்கிலும் நடக்கும், டியூட்டி முடிந்து சாயங்காலம் போகலாம். குச்சி மதுரையில், அழுத்தம் மங்காஃபில். இப்படி ஒரு சிகிச்சையை ரெண்டு ஊருக்கும் பங்கு போடலாம். மாதாந்திர ஊசியில் அது முடியாது.

மதுரை ஏற்கெனவே ஒருமுறை செய்து காட்டியது

விலை? ஆம், அதிகம். விலையைக் கேட்டபோது அப்பா என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த பார்வை அட்டையைப் பார்த்தேன்.

ஆனால் விலை என்பது இயற்கை விதி இல்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் பதினோரு படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு கண் அறுவை சிகிச்சை செய்தவர் அவர். கண்புரை எடுத்த பிறகு வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒன்று நூறு டாலருக்கு மேல். ஏழைக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992-இல் ஆரோலேப் என்று மதுரையிலேயே தொடங்கி, அந்த லென்ஸைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு உலகத்தில் பல நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது. அப்பாவின் வலது கண்ணில் அந்த லென்ஸ் மட்டும் இல்லாமல் போயிருந்தால், இந்தக் குச்சிக்கு அவர் தகுதியானவராகவே ஆகியிருக்க மாட்டார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கரையும் பாலிமர் லென்ஸைவிடக் கஷ்டமானது. உள்ளே இருக்கும் மருந்து சரியான வேகத்தில் கசிகிறதா என்று நிரூபிக்க வேண்டும், கிருமியில்லாமல் செய்ய வேண்டும், சோதனை நடத்த வேண்டும். ஆனாலும் டெக்ஸாமெதசோன் மிகப் பழைய, மலிவான மருந்து. பி.எல்.ஜி.ஏ தையல் நூல் குடும்பம். லென்ஸில் நடந்தது இதிலும் நடக்க முடியும். அதைச் செய்யப்போவது யார் என்றால், இதைப் படிக்கும் உங்களில் ரெண்டு மூணு பேராக இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஓடும்போது, பாலிமர் வேதியியல் என்று ஒன்று இருப்பதையும் நினைவில் வையுங்கள். பயன் அடையப்போகும் ஆளை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வாரம் செய்யக்கூடியது

பெரிய கனவு ஒரு பக்கம். உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதோடு விடாதீர்கள். பாப்பாவை விரிய வைத்தோ கேமராவிலோ விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், வருஷம் ஒருமுறை, பார்வை நன்றாக இருந்தாலும். விழித்திரைப் படத்தைக் கம்ப்யூட்டரே படித்துச் சொல்லும் முறை பற்றி 2016-இல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. அதில் அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. நம்ம ஊர்க் கண்களைப் பார்த்துக் கற்ற கருவி நம்ம ஆட்களுக்கு உதவட்டும்.

லீவில் சிகிச்சை என்றால் லீவின் முதல் வாரமே போங்கள், கடைசி வாரம் வேண்டாம். ஊசிக்குப் பிறகு கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். அதற்கு நாள் கையில் இருக்க வேண்டும். கண்ணுக்குள் வாயு நிரப்பிச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால் வாயு கரையும் வரை விமானம் ஏறக் கூடாது. டிக்கெட் போடும் முன் கேளுங்கள். ஸ்கேன் படங்களைப் போனில் வைத்திருங்கள், இங்கே இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துத் தொடரலாம். டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "எங்களால மாசாமாசம் வர முடியாது. எங்க காலண்டர் இது." அப்பாமார் சொல்ல மாட்டார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். நாம்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை நான் வெக்கேஷனுக்கு மங்காஃப் வந்து பார்க்கையில், அப்பாவின் வலது கண் வீக்கம் நாலாவது மாதமே திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. அடுத்த குச்சியை இங்கேயே வைக்கலாமா, ஜூலை வரை பொறுக்கலாமா என்று கணக்குப் போட்டோம். பொறுக்க வேண்டாம் என்று அம்மா சொன்னார். தன் வளையலைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்பா அதை எடுத்துத் திரும்ப அம்மாவின் கையிலேயே மாட்டிவிட்டு, "சரி, போவோம்" என்றார். காசு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது பதினொரு மாதம் நிற்கும் ஒரு மருந்து. லீவில் வைத்துவிட்டு அடுத்த லீவு வரை கவலைப்படாமல் இருக்கும் மாதிரி. அப்பாவுக்கு வைத்த குச்சி அவ்வளவு நாள் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்று எந்த வேதியியலும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி பக்கத்து ரூமிலிருந்தே ஒரு வாட்ஸ்அப் போட்டோ வந்தது. பெட்டி, பார்ட் நம்பர். கீழே: "கடைசி 8. சரியா?"

சரிதான்.